அடைத்த மடையும் மடைதான்: மரபணுக்கள் மௌனமாவது எப்படி?

"எங்க தாத்தாவுக்குச் சர்க்கரை, அப்பாவுக்கும் சர்க்கரை. ஜீன்லயே இருக்கு, என்ன பண்ண முடியும்?" மருத்துவமனை வரிசையில் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. வீட்டுக்கு வந்து கைபேசியைத் திறந்தால், ஒரு பொடியை நாற்பது நாள் சாப்பிட்டால் தூங்கும் ஜீன்கள் விழித்துவிடும் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். முதலாமவருக்கு மரபணு தலையெழுத்து. இரண்டாமவருக்கு அது கை வைத்தால் எரியும் விளக்கு. இருவரும் வழுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். ஒரு மரபணு உடம்பில் இருப்பது வேறு, அது குறிப்பிட்ட ஓர் உயிரணுவில் குறிப்பிட்ட நேரத்தில் வேலை செய்வது வேறு. இந்த இரண்டுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், மேலே சொன்ன இரண்டு பேச்சுகளையும் நாமே எடைபோட்டுப் பார்க்கலாம்.

ஓர் ஏரி, இருபதாயிரம் மடைகள்

உங்கள் விழித்திரையில் இருக்கும் ஓர் உயிரணுவையும் கல்லீரலில் இருக்கும் ஓர் உயிரணுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உருவம் வேறு, வேலை வேறு. ஆனால் இரண்டுக்கும் உள்ளே இருக்கும் டிஎன்ஏ ஒன்றுதான். கருவான அந்த ஒற்றை முட்டையிலிருந்து பிரிந்து பிரிந்து வந்தவைதானே எல்லாம். வெளிச்சத்தை உணரும் ரோடாப்சின் என்ற புரதத்துக்கான மரபணு கல்லீரலிலும் இருக்கிறது. இரத்தத்துக்கு ஆல்புமினைச் செய்து அனுப்பும் மரபணு விழித்திரையிலும் இருக்கிறது. இருந்தும் கல்லீரலுக்குப் பார்வை இல்லை.

ஏரிப் பாசனம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஏரி ஒன்று, மடைகள் பல. எந்த வயலுக்குத் தண்ணீர் என்பதை ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது மட்டும் முடிவு செய்வதில்லை. எந்த மடை திறந்திருக்கிறது, எவ்வளவு திறந்திருக்கிறது, வாய்க்காலை நடுவில் யாராவது வெட்டிவிட்டார்களா என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

மனித உயிரணுவுக்குள் இப்படிச் சுமார் 20,000 மடைகள். ஒவ்வொன்றும் ஒரு மரபணு, அதாவது ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்று டிஎன்ஏவில் எழுதப்பட்ட குறிப்பு. மடை திறந்தால் அந்தக் குறிப்பு படியெடுக்கப்படுகிறது. அந்தப் படிதான் தூது ஆர்என்ஏ. நம் உவமையில் வாய்க்காலில் ஓடும் தண்ணீர். அதை வாசித்து உயிரணு புரதம் செய்கிறது. புரதம்தான் விளைச்சல். செரிப்பது, தசையை இழுப்பது, தலைமுடியாக நிற்பது எல்லாம் அதன் வேலை. இந்த ஓட்டத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மரபணுக் கட்டுப்பாடு. அறவே நிறுத்துவது, அல்லது ஏறத்தாழ நிறுத்துவது, மரபணுவை மௌனமாக்குதல்.

உவமை ஓரிடத்தில் ஒத்துவராது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏரிக்கு நீர்க்கட்டி என்றும் மடையர் என்றும் நீர்ப்பாய்ச்சி என்றும் ஊருக்கு ஒரு பெயரில் ஓர் ஆள் உண்டு. உயிரணுவுக்குள் அப்படி மேலே நின்று பார்க்கும் ஆள் கிடையாது. மடையைத் திறப்பதும் அடைப்பதும் வேறு மடைகளிலிருந்து வந்த விளைச்சல்தான். ஒரு மரபணு செய்த புரதம் இன்னொரு மரபணுவின் மேல் போய் உட்காரும். அது செய்த புரதம் மூன்றாவதைத் திறக்கும். இந்த வலைப்பின்னலின் அழகை முதன்முதலில் உணர்ந்தபோது எனக்குச் சில நாள் வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

பலகை போட்ட மடை: பாக்டீரியாவின் கணக்கு

இது எப்படி நடக்கிறது என்று முதலில் தெளிவாகக் காட்டியது நம் குடலில் வாழும் ஈ. கோலி என்ற பாக்டீரியா. 1940களின் தொடக்கத்தில் பாரிஸில் ழாக் மோனோ ஒரு விஷயத்தைக் கவனித்தார். குளுக்கோசும் லாக்டோசும் (பாலில் இருக்கும் சர்க்கரை) கலந்து கொடுத்தால், பாக்டீரியா முதலில் குளுக்கோசை மட்டும் தின்று வளர்கிறது. அது தீர்ந்ததும் வளர்ச்சி சிறிது நேரம் நிற்கிறது. அப்புறம் லாக்டோசைத் தின்று மறுபடி வளர்கிறது. அந்த இடைவெளியில் உள்ளே என்னதான் நடக்கிறது?

1961இல் மோனோவும் ஃபிரான்சுவா ஜாக்கோபும் விடையை வெளியிட்டார்கள். லாக்டோசைப் பயன்படுத்த வேண்டிய மூன்று மரபணுக்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றின் முகப்பில் ஒரு புரதம் இறுக்கமாக உட்கார்ந்து, படியெடுக்கும் நொதியை உள்ளே விடாமல் தடுக்கிறது. இதற்கு அடக்கி என்று பெயர். மடையில் செருகிய பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். லாக்டோஸ் உள்ளே வந்ததும் அதிலிருந்து உருவாகும் ஒரு சிறு மூலக்கூறு அடக்கியில் ஒட்டுகிறது. உடனே அடக்கியின் வடிவம் கொஞ்சம் மாறுகிறது. பிடி தளர்கிறது. பலகை கழன்றுவிடுகிறது.

இதோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு. குளுக்கோஸ் கைவசம் இருக்கும்வரை, லாக்டோஸ் மடை பலகை கழன்றாலும் முழு வேகத்தில் பாயாது. பால்சர்க்கரை இருக்கிறதா, குளுக்கோஸ் தீர்ந்ததா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஆமாம் என்றால்தான் முழுத் திறப்பு. மூளை இல்லை, நரம்பு இல்லை. பொருத்தமான மூலக்கூறு பொருத்தமான இடத்தில் ஒட்டுவதால் மட்டுமே இந்தக் கணக்கு நடக்கிறது. பாக்டீரியாவின் தூது ஆர்என்ஏ சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும் என்பதால், தேவை தீர்ந்ததும் வாய்க்காலும் சீக்கிரம் வற்றிவிடுகிறது.

ஜாக்கோபும் மோனோவும் ஆந்த்ரே ல்வோஃபுடன் சேர்ந்து 1965இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மரபணு அங்கேயே இருக்கிறது, அதன் எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. முகப்பில் ஒரு புரதம் உட்காருகிறதா, எழுந்துபோகிறதா என்பதுதான் மாறுகிறது.

மண் போட்டு மூடிய மடை: சுருட்டப்பட்ட டிஎன்ஏ

பாக்டீரியா நிமிடத்துக்கு நிமிடம் மனம் மாற்றிக்கொள்ளலாம். கல்லீரல் அப்படிச் செய்ய முடியாது. இன்றைக்குக் கல்லீரலாக இருந்தது அடுத்த வாரம் தோலாகிவிட்டால் உடம்பு தாங்காது. பல உயிரணுக்கள் சேர்ந்த உயிருக்கு, ஆண்டுக்கணக்கில் மூடியே இருக்கும் மடைகள் தேவை. அதற்குப் பலகை போதாது.

நம் ஓர் உயிரணுவில் இருக்கும் டிஎன்ஏவை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர். அதை வைத்திருக்கும் உட்கருவோ ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. எனவே டிஎன்ஏ ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளின் மேல், நூல்கண்டில் நூல் சுற்றுவதுபோலச் சுற்றப்பட்டிருக்கிறது. சுற்று தளர்வாக இருக்கும் இடத்தில் படியெடுக்கும் நொதி நுழையும். இறுக்கமாகக் கட்டிய இடத்தில் நுழைய முடியாது. எந்த இடத்தைத் தளர்த்துவது, எந்த இடத்தை இறுக்குவது என்பதற்கு அந்த உருண்டைகளின் மேல் சிறு வேதிக் குறிகள் ஒட்டப்படுகின்றன.

டிஎன்ஏவின் மேலேயே ஒட்டும் குறியும் உண்டு. அதுதான் மெத்தில் குறி: ஒரு கரியணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த சின்ன ஒட்டு. மரபணுவின் முகப்பில் இது அடர்த்தியாக ஒட்டியிருந்தால் அந்த மரபணு பெரும்பாலும் மௌனம்தான். உயிரணு இரண்டாகப் பிரியும்போது இந்தக் குறிகளைப் பார்த்துப் புது டிஎன்ஏவிலும் ஒட்டிவிட ஒரு நொதி இருக்கிறது. கல்லீரலின் பிள்ளை கல்லீரலாகவே பிறப்பதில் இதற்குப் பங்கு உண்டு. எழுத்தை மாற்றாமல் வாசிப்பை மட்டும் மாற்றி, அதைப் பிரியும் உயிரணுக்களுக்கும் கடத்தும் இந்த ஏற்பாட்டைத்தான் எபிஜெனடிக்ஸ் என்கிறார்கள். அந்தப் பொடி விற்பவர் பிடித்துக்கொண்ட சொல்லும் இதுதான்.

தேனீக்கூட்டில் இதை அப்படியே பார்க்கலாம். ராணித் தேனீயும் வேலைக்காரத் தேனீயும் ஒரே வகை முட்டையிலிருந்து வருகின்றன. புழுப் பருவம் முழுக்க அரசக்கூழ் ஊட்டி வளர்த்தது ராணியாகிறது. ஆஸ்திரேலியாவில் ரிஷார்ட் மலெஷ்காவின் குழு 2008இல் ஒரு சோதனை செய்தது. மெத்தில் குறியை ஒட்டும் ஒரு நொதியின் மரபணுவைத் தேனீப் புழுக்களில் மௌனமாக்கினார்கள். அந்தப் புழுக்களில் பெரும்பாலானவை ராணியின் இலக்கணங்களோடு வளர்ந்தன. மூடும் கருவியை மூடியதும் வேறு ஒரு வாழ்க்கை திறந்துகொண்டது.

ஆனால் எல்லா உயிர்களும் ஒரே கருவியைக் கையாள்வதில்லை. எபிஜெனடிக்ஸ் என்றாலே டிஎன்ஏ மெத்தில் குறிதான் என்று எழுதுகிறார்கள். மண்ணில் வாழும் சீனோராப்டிட்டிஸ் எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவிடம் நமக்கு இருப்பதுபோன்ற அந்த ஏற்பாடே இல்லை. ரொட்டி புளிக்கவைக்கும் ஈஸ்ட்டிடமும் இல்லை. இருந்தும் இரண்டும் தங்கள் மரபணுக்களை ஒழுங்காக மௌனமாக்கிக்கொள்கின்றன.

பூனையின் முதுகில் வரைந்த படம்

இதை ஆய்வுக்கூடம் போகாமல் தெருவிலேயே பார்க்க வேண்டுமா? கறுப்பும் செம்மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்த பூனையைத் தேடுங்கள். அது கிட்டத்தட்ட எப்போதும் பெண்பூனையாகத்தான் இருக்கும்.

பூனையின் செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. குரோமோசோம் என்பது சுருட்டிக் கட்டிய ஒரு நீளமான டிஎன்ஏ இழை. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்று. பெண்ணில் இரண்டும் ஓடினால் இரட்டை அளவு புரதம் உண்டாகும். அதனால் கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே ஒவ்வொரு உயிரணுவும் இரண்டில் ஒரு எக்ஸை ஏறத்தாழ முழுதாக மூடிவிடுகிறது. எதை மூடுவது என்பது குருட்டுத்தனமான தேர்வு. ஆனால் ஒருமுறை தேர்ந்தபின் அந்த உயிரணுவின் வழிவந்த அத்தனையும் அதே எக்ஸைத்தான் மூடிவைத்திருக்கும். செம்மஞ்சள் எக்ஸ் திறந்திருக்கும் கூட்டம் ஒரு திட்டு, மூடிய கூட்டம் இன்னொரு திட்டு. நடுவில் வரும் வெள்ளை மட்டும் வேறு மரபணுவின் வேலை. எலிகளின் ரோமத்தைப் பார்த்து 1961இல் இங்கிலாந்தின் மேரி லயன் இந்தக் கருத்தை முன்வைத்தார்.

நாற்பது ஆண்டு கழித்து, 2001 டிசம்பரில், டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் உலகின் முதல் நகல் பூனை பிறந்தது. நகலெடுக்க உயிரணு தந்தது ரெயின்போ என்ற மூவண்ணப் பூனை. குட்டியிடம் செம்மஞ்சள் இல்லவே இல்லை. நகலெடுக்க எடுத்த அந்த ஒற்றை உயிரணுவில் செம்மஞ்சள் எக்ஸ் மூடியிருந்தது, நகலிலும் அந்த மௌனம் கலையவில்லை. டிஎன்ஏ எழுத்துக்கு எழுத்து ஒன்று, தோற்றம் வேறு.

மற்ற உயிர்கள் இதே பிரச்சினையை எப்படித் தீர்க்கின்றன என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கங்காரு எப்போதும் அப்பாவிடமிருந்து வந்த எக்ஸையே மூடுகிறது. பழ ஈ எதையும் மூடுவதில்லை. ஆண் ஈ தன் ஒற்றை எக்ஸை இரட்டை வேகத்தில் ஓட்டுகிறது. மேலே சொன்ன மண்புலப் புழுவில் இரண்டு எக்ஸும் பாதி பாதியாகக் குறைக்கப்படுகின்றன. நான்கு உயிர்கள், நான்கு வழிகள், கணக்கு மட்டும் ஒன்று.

வாய்க்காலில் வெட்டுவது: ஆர்என்ஏ குறுக்கீடு

மடை திறந்தே இருக்கிறது, தண்ணீரும் வருகிறது, ஆனால் வயலுக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் யாரோ வாய்க்காலை வெட்டிவிட்டார்கள். மூன்றாவது வழி இது.

கதை ஒரு பூச்செடியில் தொடங்குகிறது. 1990இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஜார்கென்சனும் கரோலின் நபோலியும் உடன் பணியாற்றியவர்களும் பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்தைக் கூட்ட நினைத்தார்கள். நிறமி செய்யும் மரபணுவின் இன்னொரு பிரதியைச் செடிக்குள் வைத்தார்கள். பூக்கள் அடர் ஊதாவாக மலரும் என்று காத்திருந்தால், பல பூக்கள் வெள்ளையாக மலர்ந்தன. வெளியிலிருந்து வைத்த மரபணு மட்டுமல்ல, செடியின் சொந்த மரபணுவும் சேர்ந்து மௌனமாகியிருந்தது.

புதிருக்கு விடை புழுவிலிருந்து வந்தது. 1998இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் அந்த மில்லிமீட்டர் புழுவுக்குள் இரட்டை இழை ஆர்என்ஏவைச் செலுத்தினார்கள். வழக்கமாகத் தூது ஆர்என்ஏ ஒற்றை இழைதான். இரட்டை இழையை உயிரணு கண்டால் என்ன செய்கிறது தெரியுமா? டைசர் என்ற நொதி அதைச் சுமார் 22 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்குகிறது. ஆர்கொனாட் என்ற புரதம் ஒரு துண்டை அடையாளச் சீட்டாக எடுத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் தூது ஆர்என்ஏவைத் தேடிப் பிடித்து வெட்டுகிறது. இதற்கு ஆர்என்ஏ குறுக்கீடு என்று பெயர். பல வைரஸ்கள் பெருகும்போது இரட்டை இழை ஆர்என்ஏ தோன்றும். எனவே செடிகளுக்கு இது நல்ல காவல். ஹவாய்த் தீவில் வளையப்புள்ளி வைரஸால் அழிந்துகொண்டிருந்த பப்பாளியை, 1998இல் விவசாயிகளுக்குக் கிடைத்த ரெயின்போ ரகம் காப்பாற்றியது இதே காவலைத் தூண்டித்தான்.

ஃபயருக்கும் மெல்லோவுக்கும் எட்டே ஆண்டில், 2006இல், நோபல் வந்தது. அதே புழுவில் 1993இல் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்கனும் கண்டறிந்தது இன்னொன்று. உயிரணுவே தன் சொந்த மரபணுக்களிலிருந்து இத்தகைய குட்டி ஆர்என்ஏக்களைச் செய்து மற்ற மரபணுக்களின் ஓட்டத்தைக் குறைக்கிறது. மைக்ரோ ஆர்என்ஏ எனப்படும் இவை மனிதரிடமும் ஏராளம். அந்த இருவருக்கும் 2024இல் பரிசு கிடைத்தது.

இது மருந்தாகவும் ஆகிவிட்டது. கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்கும் இன்க்லிசிரான் என்ற ஊசி, கல்லீரலில் பிசிஎஸ்கே-9 என்ற மரபணுவின் தூது ஆர்என்ஏவை வெட்டச் செய்கிறது. தொடக்க ஊசிகளுக்குப் பின் ஆண்டுக்கு இரண்டு போட்டால் போதும். மரபணுவை அது தொடுவதே இல்லை. நிறுத்தினால் மெல்ல மெல்ல ஓட்டம் திரும்பிவிடும். மரபணுத் திருத்தத்தோடு இதைப் பலரும் போட்டுக் குழப்புகிறார்கள். அது மடையையே இடித்துக் கட்டுவது.

ஆக மூன்று இடங்கள்: மடையில் பலகை, மடையின் மேல் மண், மடை தாண்டிய பிறகு வாய்க்காலில் வெட்டு. ஒரே உயிரணு மூன்றையும் ஒரே நேரத்தில் கையாளும்.

மூடியது தொலைந்துவிடுமா?

தேவையற்ற மரபணுக்களை உயிரணு தூக்கி எறிந்துவிடுகிறது என்று ஒரு காலத்தில் அறிவியலாளர்களே சந்தேகித்ததுண்டு. ஜான் கர்டன் தவளைக்குஞ்சின் குடல் உயிரணுவிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய முட்டைக்குள் வைத்தார். சில முட்டைகள் நீந்தும் தவளைக்குஞ்சுகளாகவே வளர்ந்தன. 1962இல் வெளிவந்த முடிவு இது. 1996இல் பிறந்த டாலி என்ற ஆட்டுக்குட்டி வந்தது மடி உயிரணுவிலிருந்து. 2006இல் ஷின்யா யாமனாகா நான்கே நான்கு மரபணுக்களை ஓடவிட்டு எலியின் தோல் உயிரணுக்களைக் கருநிலைக்கு ஒத்த நிலைக்குத் திருப்பினார். மூடிய மடைகள் அத்தனையும் மண்ணுக்கடியில் பத்திரமாக இருந்திருக்கின்றன.

அப்படியானால் சர்க்கரையும் பொடியும்?

இரண்டாம் வகை நீரிழிவோடு தொடர்புடைய இடங்கள் நம் டிஎன்ஏவில் நூற்றுக்கணக்கில் கண்டறியப்பட்டிருக்கின்றன. ஒற்றைச் சர்க்கரை ஜீன் என்று ஒன்று இல்லை. அந்த இடங்களில் பெரும்பாலானவை புரதக் குறிப்புக்குள் வருவதும் இல்லை. எப்போது, எவ்வளவு திறப்பது என்று தீர்மானிக்கும் பகுதிகளில் இருக்கின்றன. உடற்பயிற்சி செய்பவரின் தசையில், இரத்தத்திலிருந்து குளுக்கோசை உள்ளே இழுக்கும் ஒரு புரதத்தின் மரபணு கூடுதலாக ஓடுகிறது. பயிற்சியை விட்டால் பழைய நிலைக்கு இறங்குகிறது. எனவே குடும்பத்தில் இருப்பது உண்மையான கூடுதல் ஆபத்து. ஆனால் அது முடிந்துபோன தீர்ப்பு அல்ல.

பொடிக்கு வருவோம். உணவும் சூழலும் சில மரபணுக்களின் ஓட்டத்தை மாற்றும் என்பது சரி, தேனீயே சாட்சி. ஆனால் இருபதாயிரத்தில் வேண்டியதை மட்டும், வேண்டிய உறுப்பில் மட்டும் ஒரு பொடி திறக்கும் என்பதற்கு ஆதாரம் கேளுங்கள். கண்டபடி மடைகள் திறந்துகொள்வதற்கு உடம்பில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. பல புற்றுநோய்களில் நடப்பது அதுதான்: உயிரணுப் பெருக்கத்தைத் தடுக்க வேண்டிய மரபணுக்கள் மௌனமாகி, பெருக்கத்தைத் தூண்டுபவை திறந்து கிடக்கும்.

பிறந்த குழந்தையின் பழைய மடை

மௌனத்தைத் தெரிந்தே கலைத்து நோயை வென்ற ஒரு கதை உண்டு. கருவில் இருக்கும் குழந்தையின் இரத்தத்தில் இருப்பது நம் ஹீமோகுளோபின் அல்ல, கருக்கால ஹீமோகுளோபின். தாயின் இரத்தத்திலிருந்து ஆக்சிஜனைப் பிடித்து இழுக்க அது ஏற்றது. பிறந்து சில மாதங்களில் அந்த மரபணுக்கள் மெல்ல மௌனமாகி, பெரியவர்களுக்கான மரபணு பொறுப்பேற்கிறது.

இந்தப் பெரியவர் மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால் வருவது அரிவாளணு நோய். சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்து, நுண்குழாய்களில் சிக்கி, தாங்க முடியாத வலி கொடுக்கும். இந்தியாவில் இந்த மரபுக்கூறு முதலில் பதிவானது 1952இல், நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம். நோய் இருக்கும் குழந்தைகள் முதல் சில மாதங்கள் நன்றாகவே இருப்பார்கள். பழைய மடை இன்னும் திறந்திருக்கும் காலம் அது. அதை மறுபடி திறக்க முடிந்தால்?

அந்த மடையை அடைப்பதில் பிசிஎல்-11ஏ என்ற புரதத்துக்கு முக்கியப் பங்கு இருப்பதை 2008இல் விஜய் சங்கரனும் ஸ்டூவர்ட் ஆர்கினும் உடன் ஆய்ந்தவர்களும் காட்டினார்கள். அந்த மரபணுவை அப்படியே நீக்கிவிடவும் முடியாது, மற்ற உயிரணுக்களுக்கு அது தேவை. நல்லவேளையாக, சிவப்பணு உருவாகும் இடத்தில் மட்டும் அதை முடுக்கிவிடும் தனியான ஒரு டிஎன்ஏ பகுதி இருந்தது. நோயாளியின் எலும்புமஜ்ஜை மூல உயிரணுக்களை வெளியே எடுத்து, டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் என்ற கத்தரியால் அந்தச் சிறு பகுதியைச் சேதப்படுத்தி, மறுபடி உடம்புக்குள் செலுத்தினால் அடக்கி குறைகிறது, கருக்கால ஹீமோகுளோபின் திரும்ப ஊறுகிறது. காஸ்ஜெவி என்ற இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் அடுத்த மாதம் அமெரிக்காவும் ஒப்புதல் தந்தன. அமெரிக்காவில் அறிவித்த விலை 22 லட்சம் டாலர். நீலகிரியில் ஒரு தாய்க்கு அந்த எண்ணை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சிகிச்சை பெற்றவரின் அரிவாளணு மரபணுவை யாரும் திருத்தவில்லை. மாறிய அந்த ஓர் எழுத்து ஒவ்வோர் உயிரணுவிலும் அப்படியே இருக்கிறது, சிவப்பணு உருவாகும் இடத்தில் இன்னும் வாசிக்கவும் படுகிறது. பக்கத்தில் ஒரு பழைய மடை திறந்து நல்ல ஹீமோகுளோபின் பாய்வதால் அணுக்கள் வளைவதில்லை, அவ்வளவுதான். அவருக்குப் பிறக்கும் குழந்தைக்கு அந்த மாறிய எழுத்து முன்புபோலவே போய்ச் சேரும்.